நாலு கிலோமீட்டர் பாக்கி

மனிதகுலம் மாடிப்படி ஏறி மூச்சு வாங்கக் கூடாது என்பதற்காகவே இருபத்தாறு ஆண்டுகள் பாடுபட்டவர் அவர். லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் பதினொரு கட்டடங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. அங்கே குடியிருப்பவர்களின் கெண்டைக்கால் சதை வற்றிப் போனதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. தாம் முதல் மாடிக்குப் போவதானாலும் பொத்தானை அமுக்கிவிட்டுக் காத்து நிற்பார். கேட்டால், செய்யும் தொழிலுக்குக் காட்டும் மரியாதை என்பார்.

அப்படிப்பட்டவர் தமது ஐம்பத்திரண்டாம் வயதில், முந்நூற்று அறுபது கிலோமீட்டர் மலைப்பாதை ஒன்றை முனையிலிருந்து முனைவரை நடந்தே கடக்கப் போவதாக அறிவித்தார். வீட்டில் யாரும் மயங்கி விழவில்லை. மனைவி வெங்காயம் நறுக்குவதைக்கூட நிறுத்தவில்லை.

"போயிட்டு வாங்க. பாதியில திரும்பி வந்தா சாவி பக்கத்து வீட்டுல இருக்கும்."

அந்த அம்மாளைக் குறை சொல்வதற்கில்லை. வேலைக்குப் போன இடத்தில் எடுத்த காரியத்தை முடிக்காமல் நகராத மனிதர், வீட்டில் எதையாவது முடித்தார் என்பதற்குச் சான்றில்லை. கூடத்தின் நான்கு சுவர்களில் மூன்றுக்கு வெளிர்நீலம் பூசினார். நாலாவது ஆறு வருடமாகப் பழைய மஞ்சளிலேயே நிற்கிறது. படுக்கையறையில் அவர் கையாலேயே செய்த அலமாரிக்குக் கதவு இரண்டு. ஒன்று மாட்டியாயிற்று. மற்றது ஒன்பது வருடமாகக் கட்டிலுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து ஓய்வெடுத்துக்கொண்டிருக்கிறது. மனைவியின் அண்ணன் வரும்போதெல்லாம் அந்த அறையை எட்டிப் பார்த்து, "என்ன மாப்ளே, துணிக்குக் காத்தோட்டமா இருக்கட்டும்னு விட்டு வெச்சிருக்கீங்களா?" என்று விசாரிக்காமல் போனதில்லை.

ஆகவே வாழ்க்கையில் ஒன்றையாவது ஓர் அங்குலம் மிச்சமில்லாமல் முடித்துக் காட்டுவது என்று லிஃப்ட்காரர் முடிவு செய்தார். கதவை மாட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஆனால் நாலு திருகாணி முறுக்குவதைவிட ஒரு மலைத்தொடரைத் தாண்டுவது எளிது என்று கருதும் கணவன்மார் உலகில் அவர் ஒருவர் மட்டுமல்ல.

பாதை தொடங்கும் இடத்தில் உள்ளங்கை அளவு புத்தகம் ஒன்று கொடுத்தார்கள். ஒவ்வொரு நாள் நடை முடியும் இடத்திலும் ஒரு தங்குமிடம். அங்கே ஒரு முத்திரை. இருபத்துநாலு முத்திரையும் விழுந்தால், கடைசித் தங்குமிடத்தில் உள்ள பெரிய பதிவேட்டில் 'முழுதும் நடந்தவர்' என்று பெயர் எழுதலாம். லீவு இருபத்தெட்டு நாள். நடைக்கு இருபத்துநாலு, போக வர இரண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கைகாவலுக்கு இரண்டு.

முதல் நாள் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் ஒரு பஸ் டிரைவரம்மா பழக்கமானார். முப்பது வருடம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். வளைவு வந்தால் இப்போதும் கண்ணை வலது ஓரமாகத் திருப்பி, இல்லாத கண்ணாடியில் பின்னால் வருபவர்களைப் பார்த்துக்கொள்வார். மூன்றாம் நாள் ஒரு பாறையில் உட்கார்ந்து குதிகால் கொப்புளத்தைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்த பல் டாக்டர் கிடைத்தார். தலைக்குக் கீழே வேறு உறுப்பு எதையும் பல வருடமாகக் கவனித்ததில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். டிரைவரம்மா ஊசியைச் சுட்டுக் கொப்புளத்தை உடைத்துக் கட்டுப்போட்டார். நன்றிக்கு டாக்டர் இருவருக்கும் ஆளுக்கொரு புது பிரஷ் கொடுத்தார். பையில் இன்னும் நாற்பது வைத்திருந்தார். மற்றவர்கள் மலைக்குச் சாப்பாடு கொண்டுபோவார்கள்.

அன்றிலிருந்து மூவரும் ஒன்றாக நடந்தார்கள். அக்கா, தம்பி, டாக்டர் என்று முறை வைத்தாயிற்று. பத்தாம் நாள் விடாத மழை, ஒரு தங்குமிடத்திலேயே முடங்கிக் கிடந்தார்கள். கைகாவலில் ஒரு நாள் போயிற்று. ஊரில் ஒரே தெருவில் இருபது வருடம் குடியிருந்தும் பெயர் தெரியாதவர்கள் உண்டு. இங்கே இரண்டு வாரத்தில் யார் குறட்டை எந்தச் சுருதியில் தொடங்கும் என்பதுவரை தெரிந்துபோயிற்று.

பதினெட்டாம் நாள் காலை, பதினேழாவது முத்திரைக்கான நடையில், ஒரு செங்குத்தான மலையடிக்கு வந்தார்கள். உச்சியில் ஒரு சிற்றூர், அதை ஒட்டி அன்றைய தங்குமிடம். நடந்தால் நாலு கிலோமீட்டர், நாலு மணி நேரம். ரோப் காரில் பதினொரு நிமிடம். ஆனால் ரோப் கார் நின்றுபோயிருந்தது. கீழ் நிலையத்தில் ஏழு பேரும் ஒரு தையல் மிஷினும் முந்தின நாளிலிருந்து காத்திருந்தார்கள். மிஷினின் சொந்தக்காரப் பெண் அதன்மேலேயே தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"கம்பெனியிலேர்ந்து நாளான்னிக்குதான் ஆள் வருவாங்களாம்," என்றார் ஆபரேட்டர்.

லிஃப்ட்காரரின் நடை நின்றது. வழியில் கல்யாணச் சாப்பாட்டு வாசனை பிடித்தவர் போல மூக்கை உயர்த்தினார்.

"நீங்க ஏறிட்டே இருங்க அக்கா. சும்மா எட்டிப் பாத்துட்டுப் பின்னாலயே வர்றேன்."

"எட்டிப் பாக்கறதோட நிறுத்திக்கோ தம்பி," என்று சொல்லிவிட்டு டிரைவரம்மா டாக்டரை ஓட்டிக்கொண்டு போனார்.

லிஃப்ட் நின்றால் பத்துக்கு ஏழு தடவை குற்றவாளி கதவுதான் என்பது அவர் அனுபவம். கதவு சரியாகச் சாத்தியதா என்று பார்க்கும் சின்ன சுவிட்ச் ஒன்று உண்டு. அது தலையசைத்தால்தான் மோட்டார் ஓடும். இங்கும் அதே கதை. சுவிட்ச்சில் பச்சைக் களிம்பு பூத்து, மூடிய கதவைத் திறந்த கதவு என்று சத்தியம் செய்துகொண்டிருந்தது. அவர் டாக்டர் கொடுத்த பிரஷை எடுத்து, மேலும் கீழுமாக, டாக்டர் சொல்லிக்கொடுத்த முறைப்படி இரண்டு நிமிடம் துலக்கினார். மோட்டார் உறுமியது. ஏழு பேரும் எழுந்து நின்றார்கள். பெண் மிஷினைக் கட்டிக்கொண்டாள்.

"இருங்க, இருங்க. யாரும் ஏறக் கூடாது," என்றார் லிஃப்ட்காரர்.

அவர் தொழிலில் மீற முடியாத விதி ஒன்று உண்டு. பழுது பார்த்தவன்தான் முதல் பயணம் போக வேண்டும், அதுவும் தனியாக. தன் வேலைக்குத் தன் உயிர்தான் ஜாமீன். இருபத்தாறு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் அதிலிருந்து தவறியதில்லை. அன்றும் தவறவில்லை. உள்ளே போனார், கதவைச் சாத்தினார், ஆபரேட்டருக்குக் கட்டைவிரலைக் காட்டினார்.

மரங்கள் கீழே இறங்கின. சத்தம் சீராக இருந்தது. சற்று உயரம் போனதும், காலுக்குக் கீழே ஒரு வளைவில், இரண்டு உருவங்கள் குனிந்து ஏறிக்கொண்டிருந்தன. அவர் மகிழ்ச்சியோடு கையை ஆட்டினார். இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பதிலுக்கு யாரும் கை ஆட்டவில்லை. கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இன்னும் பலமாக ஆட்டினார்.

மேலே தங்குமிடக்காரம்மா தேநீர் கொடுத்து, புத்தகத்தை வாங்கி, தினமும் எல்லோரிடமும் கேட்பதை அவரிடமும் கேட்டார். "நடந்துதானே வந்தீங்க?" பதிலுக்குக் காத்திராமல் முத்திரை விழுந்தது.

தாம் நடக்க வந்தவர் என்பது லிஃப்ட்காரருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மூன்றரை மணி நேரம் கழித்து நண்பர்கள் வந்து சேர்ந்தபோது அவர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தேநீர் ஆடை கட்டியிருந்தது.

"மேல பறந்துட்டே கை ஆட்டினது நீயா தம்பி, இல்ல உன் ஆவியா?"

"நான் யாரோ மந்திரி வெள்ளச் சேதம் பாக்க வந்திருக்கார்னு நெனச்சேன்," என்றார் டாக்டர்.

"மறந்துட்டேன் அக்கா. கதவச் சாத்தற வரைக்கும் நான் வேலையில இருந்தேன். நடக்க வந்தவன்ங்கிற ஞாபகமே இல்ல."

அதன்பின் பெஞ்சில் நீதிமன்றம் கூடியது. முத்திரை விழுந்துவிட்டதால் விஷயம் முடிந்தது என்பது தங்குமிடக்காரம்மாவின் வாதம். மற்றவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று டாக்டர் கருணை மனு போட்டார். நாளைக் காலையில் நடந்தே கீழே இறங்கிவிட்டு ரோப் காரில் மேலே வந்தாலும் அதே தூரம்தான் என்றும் சொல்லிப் பார்த்தார்.

"போற பஸ்ஸும் வர்ற பஸ்ஸும் ஒரே ரோடுதான். ஆனா டிக்கெட் வேற," என்று தள்ளுபடி செய்தார் டிரைவரம்மா.

"யாருங்க இதையெல்லாம் கேக்கப் போறா? யாருக்குத் தெரியும்?" என்றார் தங்குமிடக்காரம்மா.

"எங்க வீட்டு அலமாரிக்குத் தெரியும்," என்றார் லிஃப்ட்காரர்.

அன்றைக்கே இறங்கி ஏறினால் வழியில் இருட்டிவிடும். அவருக்கு மீதமிருந்தது ஒரே ஒரு கைகாவல் நாள். அதைச் செலவழித்தால் இனி ஒரு மழைக்கும் இடமில்லை. ஊர் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை எட்டு மணிக்கு வேலையில் நிற்க வேண்டும். நண்பர்கள் முன்னால் போய்விட்டால், மிச்ச ஏழு நாளும் தனி நடை. கூட இருங்கள் என்று அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. முகம் கேட்டது.

"டாக்டருக்குக் குதிகால் இன்னும் ஆறல. நாளைக்கு நாங்க இங்கதான்," என்றார் டிரைவரம்மா. ஆறி ஒரு வாரமாகியிருந்த குதிகாலை டாக்டர் உடனே தடவிக்கொண்டு ஒரு முனகலும் சேர்த்தார்.

மறுநாள் காலை ரோப் காரில் இறங்கி, கீழ் நிலையத்துக் கல்லைத் தொட்டுவிட்டு, லிஃப்ட்காரர் ஏறத் தொடங்கினார். அரை மணி நடையில், முந்தின நாள் பார்த்த அதே வளைவில், தலைக்கு மேல் கம்பி முனகியது. நிமிர்ந்தார். ரோப் காரில் டிரைவரம்மாவும் டாக்டரும் ராஜா ராணி போல நின்று கை ஆட்டிக்கொண்டு கீழே போனார்கள். இருபத்தைந்து நிமிடம் கழித்து அதேபோல் கை ஆட்டிக்கொண்டு மேலே போனார்கள். வேலை சரியாக நடந்திருக்கிறதா என்று சோதித்ததாகப் பிறகு விளக்கம் தரப்பட்டது.

மேலே அவர் புத்தகத்தை நீட்டினார்.

"அதான் நேத்தே போட்டாச்சே."

"அது ரோப் காருக்கு. இது எனக்கு."

மிச்ச ஏழு நாளும் மழை பெய்யவில்லை. அதைத் தமது நேர்மைக்குக் கிடைத்த பரிசு என்று லிஃப்ட்காரர் கருதுகிறார். வானிலை இலாகா கருத்து எதுவும் சொல்லவில்லை. பெரிய பதிவேட்டில் மூவரும் அடுத்தடுத்த வரிகளில் பெயர் எழுதினார்கள். பிரியும்போது டாக்டர் மறுபடியும் ஆளுக்கொரு பிரஷ் கொடுத்தார். டிரைவரம்மா தெருமுனை திரும்பும்வரை வலது ஓரமாகப் பார்த்துக்கொண்டே போனார்.

மாலையில் வீடு வந்து சேர்ந்தார். சாவி பக்கத்து வீட்டில் இல்லை. மனைவியே கதவைத் திறந்தார். இரண்டாம் தேநீருக்குள் புத்தகத்தைத் தாள் தாளாகப் புரட்டிவிட்டார். பதினேழாம் தாளில் விரல் நின்றது.

"இங்க மட்டும் ஏன் ரெண்டு முத்திரை?"

அவர் சொன்னார். சுவிட்ச், பிரஷ், கை ஆட்டியது, மறுநாள் ஏறியது, எதையும் விடவில்லை. முடிந்ததும் மனைவி எழுந்து உள்ளே போனார். கட்டில் நகரும் ஓசை கேட்டது. ஒன்பது வருடத் தூசியோடு அலமாரிக் கதவை இழுத்து வந்து, கணவருக்கு எதிரில் அந்த மஞ்சள் சுவரில் சாய்த்து வைத்தார்.

"நாளைக்கு எட்டு மணிக்கு வேலை இருக்கே," என்றார் லிஃப்ட்காரர்.

"வேலைய முடிச்சுட்டே வாங்க. இது எங்கயும் நடந்து போயிடாது."

அவர் கதவைப் பார்த்தார். எழுந்து போய்த் திருகாணி டப்பாவைத் தேடத் தொடங்கினார்.