பிரம்ம முகூர்த்தத்தில் எங்கள் வீடு

ரப்பர் தோட்டத்தில் பிறந்தவனுக்கு விடியுமுன் எழுவது பக்தி இல்லை, பெரட்டு. இருட்டோடு ஆள்கணக்கு எடுக்கும் அந்தக் களத்துக்கு நேரத்தில் போய் நிற்காவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. பால்மரம் வெட்டப் போகும் வழியில் அம்மா என்னைத் தூக்கக் கலக்கத்தோடு ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார். அந்த நேரத்தில் கடவுள் வருவார் என்று எங்கள் லயத்தில் யாரும் சொன்னதில்லை. வேலை வாங்கும் மண்டோர்தான் வருவார்.

கடவுள் வருவார் என்று சொன்னவள் என் மனைவி. பால்மரமெல்லாம் போய்ச் செம்பனை வந்து, நான் குலை ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் ஒரே மகளுக்குப் பள்ளியில் படிக்கும்போதே இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. எங்களுடையது பொருந்தவில்லை. ரத்தம் சுத்திகரிக்கச் சிரம்பான் ஆஸ்பத்திரிக்கும் தோட்டத்துக்குமாக அலைந்தோம். அப்படிப் போன ஒருநாள், அங்கே லோபாக்கில் ஒரு கோயிலில் சொற்பொழிவு கேட்டுவிட்டு வந்தாள்.

"பிரம்ம முகூர்த்தத்துல தேவர்கள் பூமிக்கு வருவாங்களாம். அப்பக் கேட்டா வீண்போகாதாம்ங்க."

மறுநாளே எழுந்துவிட்டாள். பனி இறங்கும் நேரத்தில் தலைக்குக் குளித்து, ஈரத்தலையோடு விளக்கேற்றி முணுமுணுப்பாள். மகளுக்கும் அந்நேரம் தூக்கம் இராது. உடம்பெல்லாம் அரிப்பு. கைகளைச் சொறிந்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள்.

"அம்மா, சாமிக்கே அலுத்துப் போயிருக்கும் லா. அவரக் கொஞ்சம் தூங்க விடுங்க."

மனைவி சிரித்துவிட்டாள். அந்த வருஷங்களில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

பிறகு மகளின் இதயமும் தளர்ந்தது. மழை பெய்துகொண்டிருந்த ஒரு விடியலில் மனைவி முன்னறையில் விளக்கின் முன்னே உட்கார்ந்திருந்தாள். நான் மகளின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்பா, தண்ணி."

டாக்டர் சொன்னபடி அவளுக்குத் தண்ணீரை அளந்துதான் கொடுப்போம். அன்று அவள் முகத்தைப் பார்த்ததும் அளக்கத் தோன்றவில்லை. ஒரு கிளாஸ் நிறையக் கொடுத்தேன். இரண்டு மடக்குதான் இறங்கியது. நான் கூப்பிட்ட குரலில் மனைவி ஓடிவந்தாள், விரல்களில் திருநீறோடு. அதைப் பூசுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பாரோயிலிருந்து வந்திருந்த சொந்தக்காரர்களும் போன பிறகு, அவள் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "அந்த நேரத்துல தேவர்கள் வருவாங்கன்னு கோயில்ல பேசினவரு சொன்னாரு. எமனும் தேவர்தானேங்க. நாந்தான் தெனமும் விளக்கு வச்சு வழி காட்டியிருக்கேன்."

அப்படியெல்லாம் பேசாதே என்றேன்.

அதன்பின் அவள் வெயில் ஏறும்வரை எழுவதில்லை. எனக்குத்தான் விழிப்பு வந்துவிடுகிறது. பக்கத்துக் கம்போங்கில் உள்ள சூராவிலிருந்து, அந்தச் சின்னப் பள்ளிவாசலிலிருந்து, பாங்கு கேட்கும். வங்காளதேச ஆட்கள் மோட்டாரைக் கிளப்பிக்கொண்டு வேலைக்குப் போவார்கள். நான் சும்மா உட்கார்ந்திருப்பேன். எதையாவது கேட்க வேண்டும் போலிருக்கும். கேட்க என்ன இருக்கிறது?

ஒருநாள், இவளாவது பழையபடி ஆகட்டும் என்று விளக்கை ஏற்றினேன். அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அணைச்சிடுங்க."

எங்கள் வீட்டில் விளக்கை அணை என்று யாரும் சொல்ல மாட்டோம், குளிர வை என்போம்.

"உனக்காகத்தான் வச்சேன்."

"யாருக்காகவும் வேணாம். நாம இங்க இருக்கோம்னு காட்டாதீங்க."

திரியை எண்ணெய்க்குள் இழுத்துவிட்டு, அவள் பக்கத்தில் போய்ப் படுத்தேன். இருவரும் தூங்கவில்லை. ஜன்னலில் மெல்ல வெளுத்துக்கொண்டு வந்தது.