தோல் உரித்த சுறா

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

சென்ற செவ்வாய்க்கிழமை என் பொறுமை முற்றாகத் தீர்ந்துபோயிற்று. காரணம் — ஒரு துண்டுக் கருவாடு.

என் மருமகள் செல்லம்மாளுக்குப் பிள்ளை பிறந்து பன்னிரண்டு நாள். பால் போதவில்லை. அழுது அழுது குழந்தையின் குரலே கம்மிவிட்டது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறா சமைத்துக் கொடுப்பது நம் வழக்கமல்லவா? ஆகவே வட்டவளைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நானே பஸ் ஏறி அட்டன் கடைத்தெருவுக்குச் சென்று, சுறாக் கருவாடு வாங்கி வந்தேன். நாலு எழுத்துப் படித்தவன் போனால் ஏமாற மாட்டான் என்று எங்கள் லயத்து வீட்டு வரிசையில் ஒரு நம்பிக்கை... எனக்கும் அதே நம்பிக்கைதான்.

என் மனைவி அதை அவித்து, உதிர்த்து, புட்டாக்கிப் பரிமாறினார். இரண்டாம் கவளத்தில் செல்லம்மாள் நிறுத்திவிட்டாள்.

"மாமா, சுறாவுல முள்ளு இருக்குமாங்க?"

அவள் விரல் நுனியில் ஊசி போல ஒரு முள்.

அந்த நேரம் பார்த்தா தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார் வரவேண்டும்? பருத்தித்துறைக் கடலோரத்தில் பிறந்தவர். தட்டை எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"உது சுறா இல்லை ஐயா. சுறாவுக்கு உப்பிடி முள்ளே கிடையாது. உள்ளுக்கை முழுக்கக் குருத்தெலும்புதான். தோல் எங்கை?"

"உரிச்சுத்தான் குடுத்தாங்க சார்."

"அப்ப என்னத்தைப் பாத்து வாங்கினனியள்?"



பிறகு அவரே விளக்கினார். சுறாவின் தலைக்குப் பின்னே, இருபுறமும் கீறிவிட்டாற்போல ஐந்தைந்து செவுள் பிளவுகள் உண்டு. வாலின் மேல்மடல் நீண்டிருக்கும். மற்ற மீன்களைப் போலச் செதில் தெரியாது. ஆனால் வாலிலிருந்து தலைப்பக்கமாகத் தடவினால், தச்சர் மரம் தேய்க்கும் தாளைப் போல் சொரசொரக்கும். பால் சுறா முட்டையிடாது, குட்டிதான் போடும்.

"குட்டி போட்டா, பாலும் குடுக்குமாங்க?" என்று என் மனைவி கேட்டார்.

"மீனுக்கு எங்கை அம்மா பால்? பேர்தான் பால் சுறா."

செவுளும் வாலும் கடற்கரையிலேயே தங்கிவிடுகின்றன. நம் மலைக்கு ஏறி வருவது நடுத்துண்டு மட்டுமே. மிஞ்சியிருக்கும் ஒரே அடையாளம் தோல். அதையும் உரித்துவிட்டால், கடலில் உள்ள அத்தனையும் சுறாதானே?

மறுநாள் மீண்டும் அட்டன். கடை முதலாளியின் முன் முள்ளை நீட்டினேன். அவர் அசரவில்லை.

"பெரியவரே, தோலோட வச்சா யாரு வாங்குறா? விடிஞ்சா பேர் குடுக்கப் பெரட்டுக் களத்துக்கு ஓடணும், சுடுதண்ணி ஊத்திச் சுரண்ட நேரமில்லன்னு எல்லாரும் சொல்றாங்க. உரிச்சு ஒரே சாக்குல போட்டா, எது எதுன்னு எனக்கே தெரியல. போன தீபாவளிக்கு 'உரிச்சதாக் குடு'ன்னு சண்டை போட்டது யாருங்க?"

நான்தான். இதே வாயால்தான்.

 தோலோடு ஒரு துண்டு எடுத்துத் தரும்படி கேட்டேன். உள்ளேயிருந்து கொண்டுவந்து கொடுத்தார். அங்கேயே நின்று முன்னும் பின்னுமாகத் தடவிப் பார்த்தேன். உள்ளங்கை காந்தியது. அத்தனை நிம்மதி.

வீட்டில் வெந்நீர் ஊற்றி நானே சுரண்டினேன். விரல் முட்டிகள் உரிந்துவிட்டன. பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் மாரியாயி வாசலில் நின்று, "பெரியவரு கருவாட்டுக்குச் சவரம் பண்றாருடி" என்றாள். லயமே சிரித்தது.

சிரிக்கட்டும். செல்லம்மாள் பயமின்றி வயிறார உண்டாள். ஒரு முள் இல்லை. மூன்றாம் நாள் குழந்தையும் வயிறு நிறையக் குடித்துத் தூங்கிற்று. சுறாவின் குணமா, பெற்றவள் நிம்மதியாகச் சாப்பிட்டதன் குணமா? நான் அறியேன்.

ஒன்று மட்டும் அறிவேன். ஏமாற்றியவரைத் தேடி அட்டன்வரை போனேன். அவர் என் சட்டைக்குள்ளேயே இருந்தார்.

கருவாட்டைத் தோலோடு தடவிப் பார்த்து வாங்கும் நினைவுக்காக, பத்திரிகையின் இப்பகுதியைக் கத்தரித்து, அடுப்படியில் கருவாடு தொங்கும் கம்பியருகே செருகி வைத்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.