சுவரில் விழுந்த கடல்

2023 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி ஐந்து நிமிடம். நல்ல வெயில், மேகம் கிடையாது, தென்மேற்குக் காற்று மணலைக் கிளப்பி அடிக்கிற வேகம். உப்பளத்தில் முப்பத்தொரு வருடம் மழைமானி பார்த்தவன் நான். எதை எழுதினாலும் இப்படித்தான் தொடங்க வருகிறது. அந்த நேரத்தில் என் பேத்தி, என் அறையின் ஒரே ஜன்னலைக் கறுப்புப் பொலித்தீனால் மூடிக்கொண்டிருந்தாள்.

"பதினாலு இடத்தில டேப் ஒட்டிட்டாய். கழற்றுற நேரம் பெயின்ட் உரிஞ்சி வராதா?"

"வந்தா பூசித் தாரன் அப்பா. கொஞ்சம் சும்மா இரிங்களே."

எங்கள் வீடுகளில் தந்தையை வாப்பா என்போம், பாட்டனை அப்பா என்போம். அவள் என் மகனின் மூத்த மகள். கொழும்பில் புகைப்படக் கலை படிக்கிறாள், கடைசி வருடம்.

சும்மா இரு என்று எனக்குச் சொல்லத் தேவையே இருக்கவில்லை. ஜூன் கடைசியில் பள்ளிவாசலில் தொழுகைக்குக் கை கால் கழுவி வுழூ எடுத்துவிட்டுத் திரும்பும்போது ஈரப் படியில் வழுக்கி விழுந்து வலது தொடை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் தகடு வைத்துப் பூட்டினார்கள். மூன்று மாதம் அந்தக் காலை ஊன்றக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அன்று முதல் பதினோரடிக்குப் பத்தடி அறை. ஒரு கட்டில், ஒரு சாய்கதிரை, ஒரு அலுமாரி, மேற்கே பார்த்த ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே எங்கள் மணல் வளவு, அதற்கப்பால் கரையில் இழுத்துப் போட்ட ஐந்து வள்ளங்கள், பிறகு கடல். பட்டத்தைக் கட்டிக்கொண்டு பலகையில் ஓடுகிற வெள்ளைக்காரர்களை ஒருநாள் நாற்பத்தொன்று வரை எண்ணினேன். எனக்குச் சந்தி, தேத்தண்ணிக் கடை, பள்ளிவாசல் முற்றம் எல்லாம் அந்த ஜன்னல்தான். அதைத்தான் அவள் மூடினாள்.

நான் சம்மதித்ததற்குக் காரணம் உண்டு. இறுதிப் பரீட்சைக்கு முதல் தடவை அவள் ஒப்படைத்த படங்கள் எல்லாம் ஆலங்குடாக் கடற்கரையின் பட்டங்களும் டொல்பின்களும். ஹோட்டல் விளம்பரத்துக்கு நல்லது என்று விரிவுரையாளர் திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்தது மீன் பிரிக்கிற பெண்கள். எல்லோரும் உன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், வேலையை யார் செய்தது என்று கேட்டாராம். கேள்வி நியாயமானது, எனக்கும் அது தோன்றியது, சொல்லவில்லை. இனி ஒரு தடவைதான் மிச்சம். இந்தத் தடவையும் தவறினால் படிப்பு போதும், வீட்டுக்கு வா, வெள்ளைக்காரருக்குக் கட்டுகிற அறைகளைப் பார்த்துக்கொள் என்று மகன் சொல்லிவிட்டான். அவனைக் குறை சொல்லவும் முடியாது. கடன் எடுத்துத்தான் காசு கட்டுகிறான்.

வெளியே போக முடியாதவர்களின் அறைக்குள் வெளியையே கொண்டுவருவதுதான் அவளுடைய புதிய வேலை. ஐந்து படம் வேண்டும். நான்கு முடிந்துவிட்டன. அதில் ஒன்று, கணவர் மௌத்தாகி, துக்கம் காத்து இத்தாவில் இருந்த ஒரு பெண்மணியின் அறை. நான்கு மாதம் பத்து நாள் வாசலைத் தாண்டாதவருடைய சுவரில், தெருவில் நின்ற பேரீச்ச மரம் தலைகீழாக விழுந்திருந்தது. முகம் இல்லை, மடியில் இரண்டு கைகள் மட்டும். அந்தப் படம் எனக்குப் பிடித்தது. ஐந்தாவது ஆள் நான். திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும், அந்தச் சனிக்கிழமையே பகல் ஒரு மணி பஸ்ஸில் அவள் போக வேண்டும்.

பிஸ்கட் பெட்டி மட்டையில் ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்கு வட்டமாக ஓட்டை வெட்டி, பொலித்தீனின் நடுவிலும் துளை போட்டு, அதன்மேல் ஒட்டினாள். கதவைச் சாத்தினாள். கதவிடுக்கில் என் பழைய சாரனைத் திணித்தாள். கும்மிருட்டு. 

"கொஞ்சம் பொறுங்க. கண் பழகட்டும்."

பழகியது. முதலில் சுவரில் ஒரு வெளிறல். பிறகு, என் அறைக்குள் கடல் வந்தது. நிறத்தோடு, அசைவோடு, தலைகீழாக. வானம் தரையோரத்தில் கிடந்தது. அதற்கு மேலே கடல். முகட்டுக்குப் பக்கத்தில் மணல். ஐந்து வள்ளங்களும் வௌவால்கள் போலத் தொங்கின. சிவப்புப் பட்டம் ஒன்று என் கட்டில் காலடியில் நழுவிப் போனது. நாற்பது வருடமாகப் பார்த்த கடல்தான்; ஆனாலும் எண்ணுவதற்கு மறந்து கொஞ்ச நேரம் இருந்துவிட்டேன்.

"சரியா ஆறு நிமிஷம் அசையக் கூடாது. இருட்டில படம் விழ அவ்வளவு நேரம் வேணும். போன் வெளிச்சம் சுவரில படுது, அதனால நேரம் பாக்க ஏலாது."

"நான் எண்ணுறன். முந்நூற்றி அறுபது. ஒரு செக்கன் பிசகாது."

"அதான் உங்களத் தெரிஞ்செடுத்த," என்றாள். இருட்டில் சிரித்தது கேட்டது.

சாய்கதிரையில் சுவரைப் பார்த்து ஒருக்களித்து இருந்தேன். எண்ணினேன். முந்நூற்றி அறுபதில் "சரி" என்றேன். பிறகு அந்தக் கமெரா, எடுத்த அதே அளவு நேரம் தனக்குள் யோசிக்கிறதாம். இன்னுமொரு ஆறு நிமிடம். கடைசியில் அவள் போர்வைக்குள் தலையை விட்டுப் பார்த்தாள்.

"அப்பா, சத்தமா எண்ணினீங்களா?"

"சத்தமா எண்ணாம எப்படி எண்ணுற?"

"உங்கட வாயக் காணல்ல."

காட்டினாள். மூக்கு இருந்தது, தாடி இருந்தது. இடையில் ஒரு மூட்டம். முந்நூற்றி அறுபது தடவை திறந்து மூடிய வாய் படத்தில் ஒரு தடவையும் நிற்கவில்லை. இரண்டாவது தடவை வாயை இறுக்கி மூடிக்கொண்டு, தொழுகைக்குப் பிறகு தஸ்பீஹ் செய்கிற மாதிரி விரல் கணுக்களில் எண்ணினேன். இம்முறை வாய் கிடைத்தது, வலது கை புகையாகிவிட்டது.

"இன்னும் ஒண்டுதான் எடுக்கலாம். பற்றரி சிவப்புக் காட்டுது. பத்தரைக்குப் பிறகு வெயிலும் மாறிடும்." அவள் கமெராவைத் திரும்பவும் சரிசெய்தாள். "மனசுக்குள்ள எண்ணுவீங்களா அப்பா?"

"எண்ணுவன் மகள்."

மூன்றாவது எண்ணிக்கை தொடங்கியது. எண்பது வரை ஒன்றும் நடக்கவில்லை. எண்பத்து மூன்றில் முகட்டிலிருந்து ஒரு மனிதர் தலைகீழாக இறங்கி நடந்து வந்தார். சாரனை மடித்துக் கட்டிய விதத்திலேயே தெரிந்தது, என் மகன். அவனுக்குப் பின்னால் வீடு கட்டுகிற மேசன் பாஸ், கையில் அளக்கிற டேப். இருவரும் எங்கள் மணல் வளவில், என் ஜன்னலுக்கு நேர் எதிரே அளந்தார்கள்.

வெள்ளைக்காரருக்கான இரண்டு அறைகளையும் வீட்டின் வடக்குப் பக்கம், தென்னைகளுக்கு நடுவில் கட்டுவது என்று என்னோடு பேசி முடிவாகியிருந்தது. மே மாதம், என் கால் நன்றாக இருந்தபோது, நானே அடி வைத்து அளந்து கொடுத்தேன். இப்போது அவர்கள் நின்ற இடம் வடக்கு அல்ல. அங்கே சுவர் எழும்பினால் என் ஜன்னலில் கடல் இல்லை, சீமெந்துதான்.

காற்று அவர்களுடைய கதையை அப்படியே கொண்டுவந்தது.

"வடக்கால கட்டினா கடல் விளங்காதே பாஸ். கடல் விளங்காட்டி எவன் வருவான்?"

"பெரியவருக்கிட்ட சொன்னீங்களா?"

"வாப்பா படுத்துத்தானே இரிக்கிறார். ஜன்னலக்கூட இண்டைக்கு மூடி வெச்சிரிக்கிறார், பாருங்க. தூங்குற போல. பிறகு சொல்லுவம்."

நூற்று ஐம்பத்தொன்று. நூற்று ஐம்பத்திரண்டு. பாஸ் ஜன்னலை நோக்கி வந்தார். வர வர உருவம் பெருத்தது. அவருடைய இரண்டு கால்களும் சுவர் முழுவதையும் பிடித்தன. முதல் முளையை வைத்துச் சுத்தியலால் அடித்தார். அந்த அடி என் தகட்டில் விழுந்தது போல இருந்தது.

பேத்திக்கும் எல்லாம் கேட்டது. கமெராவுக்குப் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னாள்: "கூப்பிடுங்க அப்பா. பரவாயில்ல. கத்துங்க."

பதில் சொன்னால் வாய் போய்விடும். தலையை ஆட்டினால் தலை போய்விடும். நூற்றுத் தொண்ணூறு. நான் கதிரையில் ஒரு மூட்டை அரிசி போல இருந்தேன். நானோ அவளோ கத்தியிருந்தால் மகன் நின்றிருப்பான்; கதவைத் திறந்து உள்ளேயும் வந்திருப்பான், படம் போயிருக்கும். அவன் கெட்டவன் அல்ல, முகத்துக்கு நேரே என்னை மறுத்தவன் அல்ல. ஆனால் பற்றரி முடிந்துவிடும், பஸ் போய்விடும், இவள் இந்த வளவிலேயே வெள்ளைக்காரருடைய படுக்கை விரிப்பைத் துவைத்துக்கொண்டு இருப்பாள். எனக்காவது மூன்று மாதம் என்று ஒரு கணக்கு இருந்தது.

நான்காவது முளையும் இறங்கி, மஞ்சள் நூலையும் கட்டிவிட்டார்கள். பிறகு பாஸ் தலைத்துண்டைச் சரி செய்துகொண்டு பாத்திஹா ஓதினார். எங்கள் பக்கத்தில் அத்திவாரக் குறி வைத்தால் ஒரு பாத்திஹா, ஒரு துஆ, ஆளுக்கு ஒரு பேரீச்சம்பழம். அதற்குப் பிறகு அந்த முளையை யாரும் பிடுங்க மாட்டார்கள். அப்படி எந்த மார்க்கக் கிதாபில் இருக்கிறது என்று நான் பலரைக் கேட்டிருக்கிறேன். எதிலும் இல்லை. ஆனாலும் பிடுங்க மாட்டார்கள்.

துஆவுக்காக இருவரும் கை ஏந்தினார்கள். சுவரில் அந்தக் கைகள் கீழ்நோக்கித் தொங்கின. ஆயுள் முழுக்க, துஆ காதில் விழுந்தால் என் கைகள் தாமாகவே எழுந்துவிடும். முழங்காலில் கிடந்த என் கைகளைக் கண்ணாலேயே பிடித்து வைத்திருந்தேன். பாஸ் நீளமாக ஓதினார். வீட்டுக்குப் பரக்கத் கேட்டார், கட்டுகிறவருக்கு நீண்ட ஆயுள் கேட்டார், நோயாளிக்குச் சுகம் கேட்டார். நோயாளி நான்தான். ஆமீன் சொல்ல முடியவில்லை.

முந்நூற்றி அறுபது.

"மூடிட்டன்," என்றாள் பேத்தி. "இப்ப கதைக்கலாம். டேப்பையும் கழற்ற ஏலாது, கதவையும் திறக்க ஏலாது அப்பா, கமெரா இன்னும் யோசிக்குது. படம் பிழைச்சிரிந்தா…"

கத்தினேன். மகனின் பெயரைச் சொல்லி, பாஸைக் கூப்பிட்டு, சுவரில் தடியால் அடித்துக் கத்தினேன். பொலித்தீன் காற்றில் படபடவென்று அடித்தது. வெளியே ஒருவரும் திரும்பவில்லை. சுவரில் அவர்கள் பேரீச்சம்பழம் தின்றார்கள், கொட்டையை மணலில் துப்பினார்கள், முகட்டு வழியாக ஏறிப் போனார்கள்.

படம் சரியாக வந்திருந்தது. வாய் இருந்தது, இரண்டு கைகளும் இருந்தன. கடலில் ஓர் அலை கூட இல்லை. ஆறு நிமிட அலைகள் ஒன்றாகிப் பாலாடை போலக் கிடந்தன. பட்டங்கள் எதுவும் இல்லை. பேத்தி அழுதுகொண்டே மூக்கைத் துடைத்தாள். "இதுதான் அப்பா. இதுதான்."

அதற்குப் பிறகுதான் மகன் அறைக்கு வந்தான். நான் வாயைத் திறக்க முன் அவள் கமெராவை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது என்ன, முளையா?" என்று கேட்டான்.

"ஓம் வாப்பா. நாலும் இரிக்கி. நூலும் இரிக்கி."

அவனுக்கு விளங்கியது. என்னைப் பார்க்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டு, "நாங்க எவ்வளவு நேரம் அங்க நிண்ட. இதில நான் எங்க?" என்றான்.

"நீங்க நிக்கல்ல, நடந்துக்கிட்டே இருந்தீங்க. நடக்கிற ஆள் விழாது. இந்தா, இந்தப் புகை மாதிரி இரிக்கே, இது நீங்க. துஆக் கேட்ட நேரம் மட்டும்தான் நிண்டிருக்கிறீங்க."

மணலுக்குக் கீழே, ஏந்திய கைகளோடு ஒரு மெல்லிய சாம்பல் உருவம் இருந்தது. வள்ளம் அதற்கூடாகத் தெரிந்தது. அவன் நெடுநேரம் அதைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தான்.

"வாப்பா, கூப்பிட்டிருந்தா நான் வந்திருப்பன்தானே."

"வாயில்லாத படத்துக்கு உன்ட மகளுக்கு எத்தன புள்ளி போடுவாங்க?"

"இனி அந்த முளைய…" என்று இழுத்தான். "துஆக் கேட்டுட்டமே."

பேத்தி குறுக்கே விழுந்து வாதாடினாள். முளை மரம்தானே, நான் பிடுங்குகிறேன் என்றாள்.  பிடுங்கு என்று சொல்ல எனக்குத்தான் வாய் வரவில்லை. பிடுங்கினால், நாளை அந்த அறையில் ஒரு ஓடு விழுந்தாலும் என் பெயர்தான் வரும். அவனுடைய கடனுக்கு ஒரு தவணை பிந்தினாலும் என் பெயர்தான். எதிலும் இல்லாத விதி. என்னையும் அது கட்டித்தான் வைத்திருந்தது.

ஒரு மணி பஸ் ஒன்று பத்துக்கு வந்தது. அவள் போனாள். இந்தத் தடவை சித்தியடைந்துவிட்டாள். கண்காட்சிக்கு வைத்த ஐந்து படங்களில் என்னுடையதற்கு முன்னால்தான் ஆட்கள் கூடுதலாக நின்றார்களாம். எத்தனை பேர் என்று கேட்டேன், எண்ணவில்லை என்றாள். சட்டமிட்ட பிரதி ஒன்று எனக்கு வந்தது. நான் கதிரையில் இருந்தே தொழுகிற அறையில் முகம் உள்ள படத்தை மாட்ட மனம் வராது. அலுமாரிக்குள், சட்டைகளுக்குப் பின்னால் இருக்கிறது. விருப்பம் வரும்போது திறந்து பார்க்கிறேன். அலையில்லாத அந்தக் கடலில் மஞ்சள் நூல் நன்றாகத் தெரிகிறது.

செப்டெம்பரில் சுவர் எழும்பியது. ஒரு நாளைக்கு நான்கு வரி கல். ஏழாவது நாள் வள்ளங்கள் போயின, எட்டாவது நாள் கடல் போனது. பிறகு ஜன்னலைத் திறந்தால் ஈரச் சீமெந்து மணம்தான். கட்டிலில் படுத்துக்கொண்டு அந்தச் சுவரின் கற்களை எண்ணினேன். அது எண்ணி முடியக்கூடியது. அதுதான் அதில் இருந்த கொடுமை.

முளையைப் பிடுங்க முடியாது, ஜன்னலை நகர்த்தலாமே என்று ஒரு நாள் தோன்றியது. மகனிடம் காசு கேட்கவில்லை. அதே பாஸைக் கூப்பிட்டு, அறையின் வடக்குச் சுவரை உடைக்கச் சொன்னேன். மே மாதத்தில் நான் அளந்து கொடுத்த தென்னைகளுக்கு நடுவில் இப்போது ஒன்றும் கட்டப்படாததால் அந்தப் பக்கம் திறந்து கிடந்தது. பாஸ் உடைக்கத் தொடங்க முன் பாத்திஹா ஓதட்டுமா என்று கேட்டார். வேண்டாம், வேலையைப் பாருங்கள் என்றேன். பிறகு மனம் கேட்காமல், சுருக்கமாக ஓதுங்கள் என்றேன். அன்று கை ஏந்தி ஆமீன் சொன்னேன்.

புதிய ஜன்னலில், கதிரையைச் சரியான இடத்தில் போட்டு, கழுத்தை இடப்பக்கம் திருப்பினால், புதுக் கட்டடத்தின் மூலைக்கும் முதல் தென்னைக்கும் இடையில் கடல் தெரிகிறது. கையை நீட்டிப் பிடித்து அளந்தால் நான்கு விரல் அகலம். வள்ளங்களில் ஒன்றின் முன்மூக்கு, அணியம் மட்டும். பட்டம் வந்தால் இரண்டு எண்ணுவதற்குள் போய்விடும்.

நிலையும் கண்ணாடியும், பாஸுக்கும் கையாளுக்கும் மூன்று நாள் கூலி, சீமெந்து, பழைய ஜன்னலில் டேப்போடு உரிந்துவந்த பெயின்ட், படத்தின் சட்டம், அவள் திருப்பித் தருவதாகச் சொல்லி இன்னும் தராத பொலித்தீன் எல்லாம் சேர்த்து, எழுபத்தையாயிரத்து நானூற்றுத் தொண்ணூறு ரூபாய்.