சல்கின் கலந்த திருத்தங்கள்

நரின் நகரக் கடைத்தெருவில் கணினி பழுது பார்க்கும் சல்கினைப் பெரிய கெட்டிக்காரி என்று சொல்ல நான் அவசரப்படமாட்டேன். பொறுமைசாலி. அதுவரை சொல்லலாம்.

எங்கள் மலைப் பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். போன வருடம் இணையவழிக் கணக்குப் போட்டியின் நடுவில் பதினான்கு கணினிகளும் 'அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம்' என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டன. எங்கள் நூலிழை இணையத்தில் அது இறங்கி முடிவதற்குள் போட்டி முடிந்துவிட்டது. பிள்ளைகள் அழுதார்கள். இந்த முறையும் பதில்கள் போய்ச் சேராவிட்டால் இனி போட்டியில் நம் பள்ளிக்கு இடமில்லை என்று தலைமையாசிரியர் குபாத்பேக் சல்கினைக் கூப்பிட்டனுப்பினார்.

அவள் வழி எளிது. நகரத்து இணையத்தில் அந்த அப்டேட் திருத்தங்களை ஒரே முறை இறக்குவாள். அவற்றை இயங்குதளத்தை நிறுவும் கோப்புக்குள்ளேயே முறைப்படி கலந்து, பென் டிரைவில் கொண்டுவருவாள். நிறுவும்போதே அத்தனையும் உள்ளே போய்விடும். புதிது என்று நாம் வாங்கும் எதுவும் கைக்கு வருமுன் கொஞ்சம் பழசாகிவிடுகிறது. அந்தக் கொஞ்சத்தை அவள் நிரப்பிவிடுகிறாள்.

ஆனால் எங்கள் ஊரில் கொதிக்கும் சட்டியைக் கண்டால் ஆளுக்கொரு பிடி போடாமல் நகரமாட்டார்கள். கோப்புக்கும் அதே கதிதான். சீட்டாட்டத்தைப் போடு, தொழுகை நேரத்தைப் போடு என்று கேட்டவர்களையெல்லாம் அவள் திருப்பி அனுப்பிவிட்டாள். அவளுடைய மாமனாரின் அண்ணன் அசனலி மட்டும் நகரவில்லை.

"மருமகளே, ஆட்டுச் சந்தை வெல காட்டுற புரோகிராம், எம் பேரன் எழுதுனது. அதையும் போட்டுவிடு."

"மாமா, இது பள்ளிக்கூடத்துக்குப் போறது."

"ஏன், பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க ஆடு திங்கிறதில்லையா?"

புகுந்த வீட்டுப் பெரியவருக்கு 'இல்லை' என்று சொல்ல எங்கள் மருமகள்களுக்கு வாய் வராது. போட்டுவிட்டாள்.

போட்டியன்று குபாத்பேக் கையேந்தி ஆசி சொன்னார். கணினிகள் திறந்தன. அப்டேட் என்ற பேச்சே இல்லை. நான் மூச்சு விட்டேன். மூன்றாம் கேள்வியின்போது பதினான்கு திரைகளிலும் ஒரு செம்மறிக் கிடா வந்து நின்றது. கீழே இன்றைய விலை.

"சல்கின்! என்னம்மா இது?" என்று வாசலோரம் நின்றிருந்தவளைக் கேட்டார் குபாத்பேக்.

"ஆடு, சார்."

"ஆடுன்னு எனக்குத் தெரியாதா? எதுக்கு இங்க வந்துச்சு?"

"சந்தை தொறந்துட்டாங்க, சார்."

வகுப்பே சிரித்தது. முன்வரிசையில் இருந்த அய்ஜிரெக் மட்டும் தலை நிமிராமல் சொன்னாள்: "மூலையில இருக்கற பெருக்கல் குறியை அமுக்குங்கடா, போயிடும். நேரம் ஓடுது."

பதினான்கு கிடாக்களும் மறைந்தன. மணி அடிக்குமுன் பதினான்கு பேரின் பதில்களும் போய்ச் சேர்ந்தன. ஒரு கணினிகூட நிற்கவில்லை. சல்கின் நன்றாகத்தான் செய்திருக்கிறாள் என்று ஒப்புக்கொள்கிறேன்.

குபாத்பேக் அவளைத் தனியே அழைத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"அடுத்த வருஷமும் நீதான் வரணும். ஆட்டை எடுத்துடு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்: "அந்த எடத்துல நம்ம பள்ளிக்கூடப் பாட்டைப் போட முடியுமா? தொறந்ததும் பாடற மாதிரி?"