மண் நாயின் உயரம்

எதையும் முழு வளர்ச்சியில் பார்த்துவிட வேண்டும் சித்தப்பாவுக்கு. பீங்கான் கம்பெனியில் அச்சுக்கு மாதிரி செய்கிறவர். மூன்றாம் வகுப்பு படிக்கும் என்னை நிறுத்திவைத்து, கல்யாண வயதில் எவ்வளவு உயரம் இருப்பேன் என்று சுவரில் கோடு போட்டுக் காட்டுவார். ராஜபாளையத்திலிருந்து ஒரு வெள்ளை நாய்க்குட்டியைக் கூடையில் வைத்து, சட்டையெல்லாம் இன்ஜின் கரியோடு ஜங்ஷனில் வந்து இறங்கினார். அது வளரும்வரை காத்திருக்க அவருக்குப் பொறுமை ஏது?

“பாதத்தப் பாரு பாப்பா, எவ்ளோ பெருசா இருக்குது! உன் இடுப்புக்கு மேல நிக்கும் இது” என்றவர், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பின்பக்கக் கொட்டகையில் களிமண் குழைத்தார். குட்டி வளர்ந்து முடித்தால் எப்படி இருக்குமோ, அப்படியே ஒரு மண் நாய். மண் சுருங்கும் என்று ஒரு கையகலம் கூட்டியே செய்தார். வெடிக்காமல் மெல்லக் காய்வதற்காக ஈரச் சாக்கைப் போர்த்திவைத்தார்.

சாக்குக்கு அடியில் நாலு கால்கள் மட்டும் தெரியும். நான் கொட்டகையைச் சுற்றிக்கொண்டுதான் போவேன். குட்டியோ மத்தியான வெயிலுக்கு அந்தக் கால்களுக்கு நடுவில்தான் போய்ப் படுத்துக்கொள்ளும்.

அத்தை கொட்டகைக்குள் காலே வைக்கமாட்டாள். “வூட்டுல உசுரோட இருக்கறத அதே அளவுல செஞ்சு வைப்பாங்களாடா? ரெண்டும் ஒரே உசரம் வந்துச்சுன்னா உசுரு நிக்காது, பாத்துக்க” என்று வெளியில் நின்றே தன் தம்பியிடம் சொன்னாள். சித்தப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மாதம் ஒருமுறை சித்தப்பா நூல் பிடித்து இரண்டையும் அளப்பார். குட்டி ஏறிக்கொண்டே வந்தது. மண் நாய் காயக் காய இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு நாள் சாக்கை எடுத்து அளந்தபோது இரண்டின் உயரத்துக்கும் இடையில் நாலு விரல்தான் இருந்தது. மண் நாய் எந்தப் பக்கம் கழுத்தைத் திருப்பியிருந்ததோ, அதே பக்கம் கழுத்தைத் திருப்பிக்கொண்டு குட்டியும் அசையாமல் நின்றது. நான் வீட்டுக்குள் ஓடிவிட்டேன்.

குட்டிக்குச் சோறு வைப்பது என் வேலை. மண் சுருங்குவதை என்னால் நிறுத்த முடியாது. குட்டி வளர்வதை நிறுத்தலாமே. அன்றிலிருந்து தட்டில் பாதியை வேலிக்கு அந்தப் பக்கம் காக்கைகளுக்குக் கொட்டினேன். யாரும் பார்க்கவில்லை.

பலித்தது. குட்டியின் உயரம் ஒரு நூல்கூட ஏறவில்லை. விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போல் ஆனது. “ஜாதி நாயே இல்ல இது, ஏமாத்திட்டான்” என்று விற்றவனைத் திட்டினார் சித்தப்பா. பிறகு பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்தார். அத்தை கொட்டகையைக் காட்டி, “அதுதான் இழுக்குது” என்றாள். நானும் அதை நம்பினேன். பயத்தில் இன்னும் ஒரு கைப்பிடி குறைத்தேன்.

மண் நாயை வண்டியில் ஏற்றிக் கம்பெனிச் சூளைக்குக் கொண்டுபோனார்கள். பீடை ஒழிந்தது என்று சந்தோஷப்பட்டேன். சூளையில் மண் மறுபடியும் சுருங்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சித்தப்பாவின் கணக்குக்கும் மேலே சுருங்கித் திரும்பி வந்தது. நூல் பிடித்துப் பார்த்தார். சரியாகக் குட்டியின் உயரம்.

மூன்றாம் நாள் காலையில் குட்டி மண் நாயின் கால்களுக்கு நடுவில் படுத்திருந்தது. கூப்பிட்டேன், எழுந்திருக்கவில்லை. அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். சித்தப்பா மண் நாயைச் சம்மட்டியால் உடைத்தார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். நானும் அழுதேன். ஆனால் என்னால் ஆனதைச் செய்துவிட்டேன் என்று மனசுக்குள் ஓர் ஆறுதல் இருந்தது.

கடைசி நாட்களில் குட்டி வேறு யாரிடமும் போகவில்லை. காலி தட்டை நக்கிவிட்டு என் விரல்களை ஒவ்வொன்றாக நக்கும். நான் போகும் இடமெல்லாம் தள்ளாடிக்கொண்டு பின்னாலேயே வரும். நான் அதைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது அதற்கும் தெரிந்துவிட்டது என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன்.