ஆனைக்குட்டத்தில் மஞ்சள் கட்டிய மீன்கள்

தீபாவளி முடிந்த இரண்டாவது சனிக்கிழமை நான் ஆனைக்குட்டம் போனதற்கு ஒரே காரணம் மீன்குழம்பு. ஆராய்ச்சி, இயற்கை என்றெல்லாம் வீட்டில் சொல்லிப் பார்த்தேன்; மனைவி நம்பவில்லை. மீன்வளத்தில் ஆராய்ச்சி செய்யும் என் தங்கை மகள் சுகன்யா, "மீன் பிடிக்கப் போறோம், வலை இழுக்க வாங்க மாமா" என்று கூப்பிட்டிருந்தாள். அதில் முன்பாதி மட்டும்தான் என் காதில் ஏறியது.

மதுரை மாட்டுத்தாவணியில் காலை ஆறு மணி பஸ். ஏழரைக்கு விருதுநகர். அங்கிருந்து அணைக்கு ஆட்டோவில் முந்நூற்றைம்பது ரூபாய். பேரம் பேசாதீர்கள், நான் பேசினேன், ஓட்டுநர் மாரியப்பன் டீ குடிக்கப் போய்விட்டார். வந்த பிறகு விசாரணை தொடங்கியது.

"மீன் வாங்கவா அண்ணாச்சி போறீக?"

"இல்ல, எண்ண."

"எண்ணி?"

"திருப்பி ஆத்துல விட்டுருவோம்."

கண்ணாடியில் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வீட்டுல தெரியுமா?" என்றார்.

அணையில் சுகன்யா முகம் வாடி நின்றாள். மழைக்கு முன்னால் விரல் நீள ரோகுக் குஞ்சுகளை அவள் அணையில் விட்டிருந்தாள். ஒவ்வொன்றின் முதுகுத் துடுப்போரமும் நூல் போல ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் அடையாளம். ஷட்டர் திறந்ததும் தண்ணீரோடு அர்ச்சுனா நதியில் இறங்கும் குஞ்சுகள் பிழைக்கின்றனவா, எவ்வளவு தூரம் போகின்றன என்பதுதான் அவள் கேள்வி. 'இப்படி மீன் கிடைத்தால் போன் செய்யவும்' என்று அணைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தாள். ஒருவரும் கூப்பிடவில்லை. அவள் வலையிலும் ஒன்றுகூடச் சிக்கவில்லை. இந்த வாரமும் கிடைக்காவிட்டால் குஞ்சுகள் பிழைக்கவில்லை என்று எழுதி ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிடு என்று பேராசிரியர் சொல்லிவிட்டாராம்.

ஷட்டருக்குக் கீழே மூன்று முறை வலை இழுத்தோம். நான் இரண்டு முறை விழுந்தேன். கிடைத்ததெல்லாம் ஜிலேபிக் கெண்டையும் ஒற்றைச் செருப்பும். "எல்லாம் செத்துருச்சு போல மாமா" என்றாள். குழம்பைப் பற்றிக் கேட்க அது நேரமில்லை என்பது எனக்கே தெரிந்தது.

ஆற்றோரமாக இன்னும் ஒரு கிலோமீட்டர் நடந்தோம். தீபாவளி சீசன் முடிந்து பட்டாசுக் கம்பெனிகளுக்கு லீவு. ஆற்றில் திருவிழாக் கூட்டம். முட்டளவுத் தண்ணீரில் ஒரு புருசனும் பொஞ்சாதியும் பழைய சேலையை விரித்து மீன் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா சேலையிலிருந்து உள்ளங்கை நீள மீன் ஒன்றை எடுத்தார், பார்த்தார், மெதுவாகத் தண்ணீரில் விட்டார், கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எனக்கு வயிறு எரிந்தது. "நல்ல மீனை ஏம்மா விட்டீங்க?"

"அது நேந்து விட்ட மீனுல்லா அண்ணாச்சி. மஞ்சக் காப்பு கட்டியிருக்கு. சாமி மீனைத் திங்கச் சொல்லுதீகளா?"

கோயிலுக்கு நேர்ந்து விட்ட கிடாயை இந்தப் பக்கம் யாரும் தொட மாட்டார்கள். மீனுக்கு மட்டும் வேறு சட்டமா என்ன?

சுகன்யா செருப்போடு தண்ணீரில் இறங்கிவிட்டாள். "இப்படி எத்தனை விட்டீங்க அக்கா?"

"நாங்க மட்டும் ஏழெட்டு இருக்கும். நாரணாபுரத்து ஆளுகளும் பாத்துட்டு விட்டிருக்காக. எந்தக் கோயிலுன்னுதான் தெரியல" என்றார் அந்த அம்மா. அவர் பெயர் காளியம்மாள். கம்பெனியில் திரி வெட்டுகிறவர்.

"நான்தான் கட்டினேன்."

"நீயா? என்ன வேண்டுதல் தாயி?"

சுகன்யா கொஞ்சம் யோசித்தாள். "உயிரோட இருக்கணும்னுதான் அக்கா."

"அதான் இருக்கே" என்றார் காளியம்மாள்.

அவர் கணவர் கருப்பசாமி சேலையின் மறுமுனையைப் பிடித்தார். நாலாவது அள்ளலில் மஞ்சள் தெரிந்தது. அளக்கலாம், படம் எடுக்கலாம், பையில் மட்டும் போடக் கூடாது என்று காளியம்மாள் நிபந்தனை போட்டார். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். சுகன்யா அளந்து, படம் எடுத்துப் பேராசிரியருக்கு அனுப்பிவிட்டு அதைத் தண்ணீரில் விட்டாள். பிறகு கரையில் ஒவ்வொரு கூட்டமாகப் போய் எங்கே பிடித்தீர்கள், எங்கே விட்டீர்கள் என்று கேட்டு வந்தாள். அணையிலிருந்து நாலு கிலோமீட்டர் வரைக்கும் சாமி மீன் போயிருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: தீபாவளிக்குப் பிந்தைய இரண்டு, மூன்று வாரங்கள்தான் ஆற்றைக் கூட்டத்தோடு பார்க்கத் தோதானவை. மாற்றுத்துணி இரண்டு செட் எடுத்துப் போங்கள். ஷட்டர் திறந்திருந்தால் இறங்காதீர்கள். மதியச் சாப்பாட்டை நம்பிப் போகாதீர்கள். நான் திரும்பும்போது விருதுநகரில் நாலு எண்ணெய் பரோட்டா தின்றுதான் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

எதிரே சுகன்யா பரோட்டாவைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். படத்தைப் பார்த்துப் பேராசிரியர் இன்னொரு வருடம் கொடுத்துவிட்டார், பிறகென்ன என்றேன்.

"அடுத்த வருசம் நீலக் கலர்தான் மாமா. மஞ்சள் கட்டினா இந்த ஊர்ல ஒண்ணுகூடச் சாகாது. கணக்கே தப்பாயிரும்."