சாருக்கு இரண்டு கட்டை, ஸ்டெல்லாவுக்கு நாலு கட்டை

1. மூன்று இறக்கு

தி.நகரில் ஒரு பெரிய கல்யாண மண்டபம். ரிசப்ஷன் தொடங்க அரை மணி நேரம்கூட இல்லை. மைக் டெஸ்ட் எல்லாம் முடித்துவிட்டு, கீபோர்டுக்குப் பின்னால் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் சிறப்பு விருந்தாளியாக வந்திருந்த பாடகர் மேடைப் பக்கம் எட்டிப் பார்த்தார். வணக்கம் இல்லை, விசாரிப்பு இல்லை.

"மாஸ்டர், நம்ம டூயட்ட மூணு எறக்கிடுங்க."

சொல்லிவிட்டு ஏ.சி. ரூமுக்குப் போய்விட்டார். அங்கே அவருக்கு வெந்நீரும் தேனும் தயாராக இருந்தன.

பெயர் எதற்கு, சார் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டாயிரம் பிறந்த புதிதில் சாருடைய குரல் கேட்காத டீக்கடை கிடையாது, ஷேர் ஆட்டோ கிடையாது. அன்று அடித்த நாலு ஹிட்டை வைத்துக்கொண்டு இன்றுவரை கல்யாணம் கல்யாணமாகப் போய் வருகிறார். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கேட்ட பாட்டு என்பதால், அவர் இருமினாலும் கை தட்டுகிறார்கள்.

அந்த ஹிட்டுகள் எப்படிச் செய்யப்பட்டன என்று எனக்குத் தெரியும். வடபழனி ரிக்கார்டிங் தியேட்டர்களில் நானும் வாசித்தவன். பாடகர் ஒரு வரி பாடுவார், நிறுத்துவார், ஏலக்காய் மெல்லுவார். அடுத்த வரி பாடுவார். சுருதி சேராத இடத்தை கம்ப்யூட்டர் சேர்த்து வைக்கும். பாட்டில் பத்து வார்த்தை இருந்தால் அதில் நாலு வெறும் சத்தம். இதற்குப் பெயர் ட்ரெண்ட் என்றார்கள். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்று நான் நினைத்துக்கொள்வேன். ஆனால் சம்பளம் வாங்கிக்கொண்டு வாசித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இளம் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். பாட்டு நிற்கும் சுருதியைத்தான் நாங்கள் கட்டை என்கிறோம். சாருடைய டூயட் நாலு கட்டைப் பாட்டு. கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் என்று ஒரு பட்டன் உண்டு. அதை மூன்று தடவை கீழே அமுக்கினால் பாட்டு நாலிலிருந்து மூன்று, இரண்டரை என்று இறங்கி இரண்டு கட்டைக்கு வந்துவிடும். விரல் வைக்கும் இடம் மாறாது, சத்தம் மட்டும் இறங்கும். வயதான நட்சத்திரங்களுக்கெல்லாம் இந்தப் பட்டன்தான் குலதெய்வம். அவர்கள் தொண்டை ஏறாத உயரத்துக்குப் போகாமல், உயரத்தையே இறக்கி வைத்துவிடலாம்.

2. கூடப் பாடுகிறவள்

டூயட் என்றால் கூட ஒரு பெண் பாட வேண்டும். அன்றைக்கு ஸ்டெல்லா.

ஊரூர் ஒல்காட் குப்பத்துப் பெண். அம்மா பெசன்ட் நகரில் மீன் விற்கிறார். மாதா கோவில் கொயரில் ஆரம்பித்து, எங்கள் ட்ரூப்பில் பதினைந்து வருடமாகப் பாடுகிறாள். யார் யாரோ பாடிய ஹிட்டுகளை எல்லாம் இவள் பாடியிருக்கிறாள். கேட்டவர்கள் "அந்தப் பாட்டு நல்லா இருந்துச்சு" என்பார்களே தவிர, பாடியவள் பெயரை ஒருவரும் கேட்டதில்லை.

அன்று முதல் வரிசையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சாரை மலேசியாவுக்கு அழைத்துப் போகும் ஷோ ஆர்கனைசர். டூருக்கு ஒரு பாடகி வேண்டும் என்றும், ஸ்டெல்லா பாடுவதைக் கேட்டுப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்றும் ட்ரூப் நடத்தும் சபேசன் மாமா முன்பே சொல்லியிருந்தார். தேர்வானால் போஸ்டரில் பெயர் போடுவார்கள். பிழைப்புக்குப் பாடுகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது ஹிட் கொடுத்தவர்களுக்குப் புரியாது. ஸ்டெல்லா அந்த வாரம் முழுக்க ஐஸ் தண்ணீர் தொடவில்லை.

இப்போது சிக்கல் என்னவென்று பாருங்கள். அந்தக் காலத்தில் பெண் குரல் கரகரவென்று காதுக்குள் பேசுகிற மாதிரி இருக்க வேண்டும் என்று ஒரு மோகம். அதனால் அந்தப் பாட்டில் பெண் பாடும் சரணமே அடியில்தான் தொடங்குகிறது. அதையும் மூன்று இறக்கினால் பெண் தொண்டையில் அங்கே சத்தமே கிடையாது, வெறும் காற்றுதான் வரும். முதல் வரிசையில் இருப்பவருக்கு இவளுக்குப் பாட வராது என்றுதான் தோன்றும்.

விஷயத்தைச் சொன்னதும் ஸ்டெல்லா சாரைப் பார்க்க ஏ.சி. ரூமுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். ஒன்று மட்டும் இறக்கிப் பாடலாமா என்று மரியாதையாகத்தான் கேட்டாள். சார் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஜனங்க என் பாட்டக் கேக்க வந்திருக்காங்கம்மா. நீ சும்மா லைட்டா கூட வா, போதும்."

சபேசன் மாமா மயிலாப்பூர்க்காரர். சண்டை என்றால் அவருக்கு ஆகாது. என்னைத் தனியாக இழுத்து, "அவர் கோச்சுண்டு போய்ட்டா அடுத்த புக்கிங் வராது, அவர் சொன்னபடி வாசிச்சுண்டு போயிடு" என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் முதுகெலும்பைக் கடவுள் வைக்க மறந்துவிட்டார்.

மேடைக்கு ஏறும்போது ஸ்டெல்லா என் பக்கம் குனிந்தாள்.

"அண்ணா, என் சரணத்துக்கு முன்னாடி பட்டன நேராக்கிடு. பாட்டு எந்தக் கட்டையில பொறந்துச்சோ அதுலயே நான் பாடிக்கிறேன்."

"கடைசிப் பல்லவி அவருது. உன் சரணத்தோட ஒட்டி வருது, நடுவுல எறக்க எடமில்ல. அதே கட்டையிலதான் அவரும் வந்து நிக்கணும், தெரியுமில்ல?"

"அது அவரு கவல. எனக்கு இன்னிக்கு ஒரு நாள்தான் கீது."

3. நாலு விரல்

மேடையில் வாசிக்கிறவர்கள் பேசிக்கொள்வதில்லை, விரலில் கட்டை காட்டுவோம். சார் முன்னால் நின்று பெண் வீட்டாருக்கு முத்தம் பறக்க விட்டுக்கொண்டிருந்தார். எங்களுக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. முதல் சரணத்தை இரண்டு கட்டையில் சுகமாகப் பாடி முடித்தார். அடுத்த மியூசிக் தொடங்கியதும் நான் கையைத் தூக்கி நாலு விரல் காட்டினேன். கிடார்காரன் ஒரு தடவை முழித்தான், பிறகு புரிந்துகொண்டு தலையாட்டினான். பாதி மியூசிக்கில் பட்டனை மூன்று தடவை மேலே அமுக்கினேன்.

ஸ்டெல்லா பாடினாள். கம்ப்யூட்டர் தைத்துக் கொடுத்த குரலை இருபது வருடமாகக் கேட்டுப் பழகிய கூட்டத்துக்கு, ஒரு பெண் நிஜமாக மூச்சை இழுத்துப் பாடினால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்திருக்கும். கரகரப்பாகத் தொடங்கி, நாலாவது வரியில் மேலே போய் நின்றாள். பந்திக்குப் போகக் கிளம்பியவர்கள்கூட நின்று கேட்டார்கள். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

பிறகு சாருடைய பல்லவி. முதல் வார்த்தையிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். இரண்டாவது வரியில் குரல் உடையும் சமயம் பார்த்து, மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிட்டார். கூட்டம் ஆனந்தமாகக் கத்தியது. பல்லவி முழுவதையும் மண்டபமே பாடி முடித்தது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. எவ்வளவு எளிமையான மனிதர், நம்மையும் பாட வைத்தாரே என்று மாப்பிள்ளையின் சித்தப்பா மேடையேறி அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்.

இதற்கெல்லாம் ஒரு திறமை வேண்டும். பாட்டைத் தவிர மற்ற எல்லாத் திறமையும் அவருக்கு இருந்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் ஆர்கனைசர் மேடைக்குப் பின்னால் வந்தார். ஸ்டெல்லா பக்கத்தில் நிற்கும்போதே சபேசன் மாமாவிடம் பேசினார். பொண்ணு பிரமாதமாகப் பாடுகிறது, ஆனால் சாருக்கு செட் ஆகாது, கொஞ்சம் அடக்கிப் பாடுகிற மாதிரி வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்றார்.

இந்தத் தொழிலில் நான் எத்தனையோ அயோக்கியத்தனம் பார்த்திருக்கிறேன். நன்றாகப் பாடியதற்காக ஒருத்தியைக் கழித்துக் கட்டியதை அன்றுதான் பார்த்தேன். எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஸ்டெல்லா என் சட்டையைப் பிடித்து இழுத்து, "வுடுண்ணா, சாப்பாடு ஆறிடும்" என்றாள். பந்தியில் உட்கார்ந்து ஒரு வாய்கூட மீதி வைக்காமல் சாப்பிட்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. எனக்குத்தான் ரசம் இறங்கவில்லை.

மலேசியாவுக்கு வேறொரு பெண் போனாள். லைட்டாகப் பாடினாள் என்று கேள்வி.

4. அடையாறு

அடுத்த முகூர்த்த சீசனில் அடையாறில் ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பாவுக்கு சாரும் வேண்டும், அதே டூயட்டும் வேண்டும். என்னை நீக்கச் சொல்லி சார் சபேசன் மாமாவுக்கு போன் பண்ணியதாகக் கேள்வி. சீசன் நேரத்தில் வேறு கீபோர்டு கிடைக்கவில்லை, வேறு பாடகியும் கிடைக்கவில்லை. ஆகவே அதே மூன்று பேர்.

சார் வந்தார். என்னைப் பார்க்காமல் கீபோர்டைப் பார்த்துச் சொன்னார்.

"மூணு எறக்கு. நடுவுல ஏத்துற வேலையெல்லாம் வேணாம்."

நான் பதில் சொல்வதற்குள் ஸ்டெல்லா எழுந்து வந்தாள். குரலை உயர்த்தவில்லை. சபேசன் மாமா, கிடார்காரன், பூ அலங்காரம் பண்ணுகிறவர்கள் என எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள்.

"அந்தக் கட்டையில எனக்குத் தொண்டயே இல்ல சார். என் சரணத்தயும் நீங்களே பாடிடுங்க. நான் பக்கத்துல நின்னு வாய மட்டும் அசைக்க மாட்டேன்."

சபேசன் மாமா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். டூயட்டைத் தனியாகப் பாடினால் பெண்ணின் அப்பா விடமாட்டார் என்பது சாருக்குத் தெரியும். வெந்நீர் டம்ளரை எடுத்தார், குடிக்காமல் கீழே வைத்தார்.

"சரி, ஒண்ணு எறக்குங்க" என்றார்.

ஒரு தடவைதான் அமுக்கினேன். அன்றைக்கு சார் பாடினார். முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கூட்டத்துக்கு முத்தம் பறக்க விட நேரமே இல்லை. ஆனால் கடைசிப் பல்லவி வரைக்கும் மைக்கை யாரிடமும் நீட்டாமல் பாடினார். ஸ்டெல்லாவின் சரணமும் எல்லோருக்கும் கேட்டது.

கீபோர்டு வாசிக்க வரும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் நான் சொல்லக்கூடியது இதுதான். டூயட் என்றால் கட்டையை இரண்டு பேரிடமும் கேளுங்கள். முதலில் அந்தப் பெண்ணிடம் கேளுங்கள். சாருக்குத் தொண்டை போய்விட்டது என்று இத்தனை வருடமாக ஏளனம் பண்ணிக்கொண்டே நானும் பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தேன். தொண்டை அவரிடம் இருந்தது. முடியாது என்று சொல்லத்தான் அதுவரை எங்களில் ஆள் இல்லை.